அதிரசத்துக்குக் கீழே அரைப் பக்கம்

காலை 8 மணி. லியோனிலிருந்து பாரிசுக்கு இரண்டு மணி நேரம். டிக்கெட் நாற்பத்தைந்து யூரோ. ஒரு பழைய சமையல் புத்தகத்துக்கா இவ்வளவு என்று கேட்காதீர்கள். தென்மாவட்ட நாட்டுச் சமையல் பற்றிய அந்தப் புத்தகத்தை அம்மா என்னை நம்பிக் கொடுத்தனுப்பினாள். வீடு மாறும்போது தொலைத்துவிட்டேன். அடுத்த வாரம் அவள் கோவில்பட்டியிலிருந்து வருகிறாள். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் ஒருவர் அதே பதிப்பைச் சும்மா தருவதாக வாட்ஸப்பில் பார்த்தேன். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் அம்மா உற்றுப் பார்க்கமாட்டாள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

10.40. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தேன். பத்து நிமிட வழியில் அரை மணி நேரம் சுற்றினேன். எந்தக் கடையைப் பார்த்தாலும் அதே வாழைக்காய், அதே புடவை. ஒரே மீன்கடையை மூன்றாம் முறை கடந்தபோது கடைக்காரரே கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஆரைத் தேடுறீங்கள்?"

முகவரியைக் காட்டினேன்.

"ஓம், பாண்டிச்சேரி ஐயா. உந்த மஞ்சள் கதவுதான். இவ்வளவு நேரமும் அதுக்கு முன்னாலைதான் நிண்டனீங்கள்."

11.20. ஞானப்பிரகாசம் ஐயா ஓய்வுபெற்ற தபால் ஊழியர். மனைவி மரியபுஷ்பம் சாத்தூர்க்காரர். போன வருடம் இறந்துவிட்டார். ஐயா காப்பி கொடுத்து, புத்தகத்தையும் கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டேன். வேலை இவ்வளவு சுலபமா?

"நான் லிசே பள்ளிக்கூடத்துல பிரெஞ்சுதாம்மா படிச்சேன். தமிழ் பேசுவேன், படிக்க வராது. எனக்கெதுக்கு இது?" என்றவர், கொஞ்சம் தயங்கினார். "அவ ஒரு கருவாட்டுக் குழம்பு வைப்பா. கீழ் வீட்டம்மா பொருளடக்கம் பூரா பார்த்துட்டு, இல்லன்னுட்டாங்க. நீ ஒருதரம் பார்க்கிறியா?"

அந்தப் பதிப்பில் அதிரசத்துக்குக் கீழே அரைப் பக்கம் காலி. அச்சில் இல்லாத குழம்பையெல்லாம் அம்மா அங்கேதான் எழுதிவைத்திருந்தாள். மரியபுஷ்பம் அம்மாவும் அப்படியே செய்திருந்தால்? இல்லை என்று சொன்னால் புத்தகம் என்னுடையது. சொல்லலாமா, கூடாதா? ஆறிப்போன காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

பிறகு எடுத்தேன். அதிரசத்துக்குக் கீழே நீல மையில் பொடிப்பொடியாக எழுத்து. உரக்கப் படித்தேன். சீலாக் கருவாடு, கத்திரிக்காய், புளி. கடைசி வரியில் வந்து நின்றேன்.

"என்னம்மா?"

"'மிளகாய் பத்து. இவருக்கு மட்டும் மூன்று. சொல்லக் கூடாது.'"

அவர் சிரித்தார். "முப்பது வருஷமா சாத்தூர்க் காரம் சாப்பிடறேன்னு பிரெஞ்சுக்காரன்கிட்டயெல்லாம் பீத்திக்கிட்டேனே!" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவர் கேட்கவில்லை. நானே புத்தகத்தை மேசையில் வைத்தேன். அந்தக் குறிப்பை உரக்கப் படித்து, அவர் போனில் பதிவு செய்து கொடுத்தேன்.

மாலை 4 மணி. திரும்பும் ரயிலில் மடியில் அவர் கொடுத்த கருவாட்டுப் பொட்டலம். பக்கத்து இருக்கைப் பெண் வேறு இடம் தேடிப் போய்விட்டாள். செய்தது சரியா, அசட்டுத்தனமா என்று இன்னும் புரியவில்லை. லியோனை நெருங்கும்போது அம்மாவைக் கூப்பிட்டு, தொலைத்ததை ஒப்புக்கொண்டேன்.

அம்மா திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்:

"ஏட்டி, அந்த அதிரசப் பக்கமும் போயிட்டா?"