எலி தின்ற பச்சைத் தக்காளி

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் தக்காளி வளராது என்று யாராவது சொன்னால் எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். கேமரன் மலைக்குச் சுற்றுலா போனபோது வாங்கி வந்த நாற்றுகளை, வீட்டுக்குப் பின்னால் பழைய பெயிண்ட் வாளிகளில் நட்டு வைத்திருந்தார். வெயிலையும் தொழிற்சாலைப் புகையையும் தாங்கிக்கொண்டு அவை எப்படியோ தழைத்துக் காய்த்தும் விட்டன. ஆனால் காய்த்ததெல்லாம் பச்சை. பழுக்கிற எண்ணமே அவற்றுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றியவள் நான் என்பதால், முதலில் சிவக்கிற பழம் எனக்குத்தான் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

அதற்குள் வருஷக் கடைசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஜொகூர் மாநிலத்தில் அந்த மழை வந்தால் லேசில் கிளம்பாது. செடிகள் வேர் அழுகிச் சாயத் தொடங்கின. அப்பா குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இருந்த காய்களையெல்லாம் பறித்துவந்து சமையலறை மேசையில் கொட்டினார். அம்மா உடனே பங்கு பிரித்துவிட்டார். பாதி ஊறுகாய்க்கு, மீதியில் பருப்புப் போட்டு ஒரு கூட்டு, ஒரு துவையல். நான் ஊரைக் கூட்டும்படி அழுதேன். கடைசியில் நல்ல காய்களாகப் பொறுக்கி, பேப்பரில் சுற்றி, அரிசி டின்னுக்குள் புதைத்து வைக்க ஒப்புக்கொண்டார்கள். அரிசிச் சூட்டில் பழுத்துவிடும் என்றார் அப்பா.

பள்ளி விடுமுறை. எனக்கு வேறு வேலை இல்லை. காலையும் மாலையும் டின்னுக்குள் கைவிட்டுக் கிளறிப் பார்ப்பேன். காய்கள் சிவக்கவில்லை, குறைந்துகொண்டே வந்தன. சுற்றியிருந்த பேப்பர் மட்டும் அரிசிக்குள் கசங்கிக் கிடந்தது.

எங்கள் வீட்டு மாடி அறையில் சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள். சித்தப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு முறை நல்ல செய்தி வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்காது. எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க, கோயில் வரைக்கும் சொல்லி, இனிப்பும் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு முறையும் சில வாரங்களில் சித்தி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இனிப்பு தின்றவர்களே வரிசையாக வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஊர் கண் பட்டுவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். இனிப்பு மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

ஒரு மதியம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தேன். சித்தி பூனைபோல் அடியெடுத்து வந்தார். டின்னைத் திறந்து ஒரு காயை எடுத்து நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு தின்றார். பிறகு இன்னொன்றையும் எடுத்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். இந்த வழக்கைச் சபையில் வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்ததும் போட்டு உடைத்தேன்.

"தக்காளிய சித்திதான் திருடித் தின்னாங்க! பச்சையா, உப்பு மிளகாத்தூள் தொட்டு! நானே பாத்தேன்!"

யாராவது சித்தியைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அம்மாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. சித்தப்பா பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சித்தியையே பார்த்தார். அவரிடம்கூட சித்தி சொல்லியிருக்கவில்லை என்பது இப்போது புரிகிறது. மறுபடியும் ஆசை காட்டி ஏமாற்றிவிடுவோமோ என்று பயந்திருப்பார். சித்தி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சொல்லாதீர்கள் என்பதுபோல் லேசாக அசைத்தார்.

"அலமாக், அது எலி லா," என்றார் அம்மா.

"எலி இல்ல, சித்தி!"

"எலிதான்டி. உங்கப்பாவே பாத்தாரு."

எலியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிற என் அப்பா, "ஆமா ஆமா, இத்தாம் பெருசு," என்று முழங்கை வரை காட்டினார்.

"அப்ப பொறி வைங்க," என்றேன்.

சித்தப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "வேணாம் அண்ணி. வெரட்டாதீங்க. பாவம், தின்னுட்டுப் போவட்டும்." தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்த முறை அந்த நல்ல செய்தி தன் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது என்று அம்மா முடிவு செய்துவிட்டார். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத அம்மா அதற்கு எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். மறுநாள் ஊறுகாய் போட எடுத்துவைத்திருந்த ஜாடி கழுவிக் கவிழ்க்கப்பட்டது. கூட்டும் இல்லை, துவையலும் இல்லை. மதியமானால் காய்களை மெல்லிசாக நறுக்கி, பக்கத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் வைத்து, "எலிக்கு," என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே போய்விடுவார். எலிக்கு எதற்கு மிளகாய்த்தூள் என்று கேட்டேன். நம்ம ஊர் எலி அப்படித்தான் என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுகிறவர், சம்பால் அரைக்க நாலு காய் கேட்டு வந்தார். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லி அறியாத அம்மா, மேசைமேல் துணியை இழுத்து மூடிவிட்டு, "ஹாபிஸ் லா, மாக்சிக்," என்று, தீர்ந்துவிட்டதாகக் கையை விரித்தார். காய் தீர்ந்ததும் அப்பா பாசாரில் கடை கடையாகப் பச்சைத் தக்காளி தேடி அலைந்தார். கடைக்காரர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்களாம்.

அந்த வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு முன் எல்லாரும் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்கள். வேலைக்குக் கிளம்பிவிட்ட சித்தப்பாகூட, மாட்டிய காலணியைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். என்ன வேண்டிக்கிறீங்க என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எலி நல்லா இருக்கணும்னு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் கண்ணை இறுக மூடி, தின்றது எலி இல்லை என்ற உண்மை ஊர் முழுக்கத் தெரியட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

சாமி யாரையும் கைவிடவில்லை. மழை விட்டது, பள்ளி திறந்தது, சில மாதங்களில் உண்மை ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வளைகாப்பன்று தாமானே எங்கள் வீட்டில் கூடியிருந்தது. மாக்சிக்கும் வந்திருந்தார். சித்தி இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க, மேடிட்ட வயிற்றோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். "எல்லாம் அந்த எலி பண்ண வேல," என்று அம்மா சொல்ல, சித்தப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு ஜோடி வளையல் போட்டுவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடி சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை பேர் கூடியிருக்கிறார்களே, தக்காளி விஷயத்தை இன்னொரு முறை எடுத்தால் என்ன என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.