அண்ணையின் பெயரில் நின்ற என் மோட்டார் சைக்கிள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற என் மோட்டார் சைக்கிளைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டார் என் அண்ணை. இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை. எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை.

வண்டிக்குப் புதுவாசம் கூடப் போகவில்லை. அதன் பழைய மொடலையும் நான்தான் ஓட்டினேன். இஞ்சினை மறைக்கிற பிளாஸ்டிக் உறை இல்லாத, ஆனால் ரேஸ் வண்டிபோல் பாய்கிற வகை. ஒரே குறை, ஸ்ட்ரெதமில் முன்னால் போகிற பஸ் திடீரென்று நின்றால், பிரேக் பிடித்ததும் முன்பக்கம் குனிந்து கும்பிடு போடும். குளிர்காலக் காலையில் கார்புரேட்டர் முனகும். புதிய மொடலில் இரண்டையும் திருத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சட்டனில் ஒரு கடைக்குப் போய்ப் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதில் வீடு வந்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

பெண் பார்க்க வருகிற நாள் காலை அண்ணை, "உந்த வண்டியை எங்கையாவது கொண்டுபோய் விட்டிட்டு வா. வாறவை பார்த்தால் என்ன நினைப்பினம்?" என்றார்.

"ஏலாது," என்றேன். சேலை உடுக்கச் சம்மதித்ததே பெரிய காரியம்.

வந்தவர்கள் ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனில் கடை போட்ட குடும்பம். மாப்பிள்ளையின் தகப்பன் உள்ளே வருமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கதிரையில் இருந்ததும் அண்ணையிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"தம்பி, ஆற்றை மோட்டார் சைக்கிள்?"

"என்ரைதான், அங்கிள்."

"புது மொடல் எல்லே? என்ன மாத்தியிருக்கிறாங்கள்?"

அண்ணை திருதிருவென்று முழித்தார். "கலர் மாத்தியிருக்கிறாங்கள்."

நான் தேநீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். தலை குனிந்தபடி வந்து தட்டை நீட்டவேண்டும் என்பது ஏற்பாடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலராம்!

"கலர் மட்டுமில்லை, அங்கிள். முன் சில்லைப் பிடிக்கிற ஃபோர்க்கைத் தலைகீழாப் போட்டிருக்கினம், தடிச்ச குழாய் இப்ப மேலை. பிரேக் பிடிச்சால் முந்தின மாதிரிக் குனியாது. கார்புரேட்டர் இல்லை, இப்ப இன்ஜெக்ஷன், குளிரிலை முனகாது. முன் லைட்டைக் கூராக்கி, வாலைச் சின்னனாக்கி, புகைக்குழாயைச் சீட்டுக்குக் கீழை கொண்டுபோயிட்டினம். அது வடிவாம். சீட்டு சுடுறது எனக்குத்தான் தெரியும்."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணை சுவரைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தாய் மட்டும் சிரிக்கவில்லை.

"பிள்ளை, அது உம்மடையோ?"

"ஓம், அன்ரி. என்ரை."

அவர் கோபிக்கவில்லை. கன்னத்தைத் தடவுகிற குரலில், "அதுக்கென்ன, கலியாணத்துக்குப் பிறகு வித்துப்போடலாம்தானே," என்றார்.

பெரியவரின் சிரிப்பு நின்றுபோனது. மாப்பிள்ளை கார்பெட்டைப் பார்த்தார். ஓம் என்று சொல்லடி என்று அண்ணை கண்ணாலேயே கெஞ்சினார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அந்தப் பெடியனையும் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு ஓம் சொன்னால், பிறகு வேலைக்கும் உடுப்புக்கும் சிநேகிதிகளுக்கும் வரிசையாக ஓம் சொல்லவேண்டி வரும். நான் அதற்கு ஆளில்லை.

தட்டை மேசையில் வைத்தேன்.

"விக்க மாட்டன், அன்ரி. உங்கடை மகனுக்கு விருப்பமெண்டால் பின்னாலை இருந்து வரட்டும்."

மாப்பிள்ளை வரவில்லை. வண்டியை நான் விற்கவும் இல்லை.