தேக்குக் கதவும் பச்சை வலையும்

அம்பத்தூரில் தொழிற்சாலை எஸ்டேட்டுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கு ஒரே கதவு, ஒரே ஜன்னல். எனக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் நடந்த சண்டை எல்லாம் இந்த இரண்டைப் பற்றித்தான். எண்பதுகளின் கடைசி அது.

கதவு தேக்கு. செத்துப்போன கணவர் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டது என்று அந்த அம்மா சொல்லாத நாள் கிடையாது. குடியிருப்பது நாங்கள் என்றாலும் கதவை எங்களிடம் விடமாட்டார். வெள்ளிக்கிழமை விடிந்தால் வாளியும் துணியுமாக வந்துவிடுவார். ஒவ்வொரு இடுக்கையும் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார். நாங்கள் கிறிஸ்தவர்கள். உள்ளே சுவரில் மாதா படம், வெளியே நிலையில் மஞ்சள் குங்குமம். சொன்னால் கேட்கிற ஆளா அது? கதவை அவர் இஷ்டத்துக்கே விட்டுவிட்டேன்.

ஜன்னலில்தான் நான் விடவில்லை. முந்தின மழைக்காலத்தில் என் மகனுக்கு மலேரியா வந்து பாதியாகிப் போயிருந்தான். பச்சை நைலான் வலை வாங்கி, மரச்சட்டம் வைத்து, ஜன்னலைச் சுற்றி நானே ஆணி அடித்தேன். அந்த அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

“இன்னாம்மா, என் ஊட்டு ஜன்னலை சல்லடையா ஆக்கி வெச்சிகீறே? காலி பண்ணிகினு போவும்போது இந்த ஆணி ஓட்டையயும் எத்துகினு போவியா?”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு பாட்டு. எஸ்டேட் கரி படிந்து வலை ஒரே வாரத்தில் கறுத்துவிடும். நான் வெளியே நின்று சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்ப்பேன். ஓட்டையைக் காட்டி அவர் முணுமுணுப்பார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசி முடித்தவர் கதவின் அடியில் விரலால் தட்டினார். “கீழ்த் தாப்பா துரு புடிச்சி கெடக்குது. ஒரு சொட்டு எண்ணெ வுட்டா கை தேஞ்சிடுமா?”

அவர் வாயை அடைக்கவேண்டும் என்ற ஆத்திரத்தில், அவர் போனதும் உப்புத்தாளால் தேய்த்துத் துருவை எடுத்து, தையல் மிஷின் எண்ணெயைத் தாராளமாகவே விட்டேன். தொட்டதும் தாழ்ப்பாள் தானே வழுக்கித் தரைத்துளையில் இறங்கியது. திருப்தியாக இருந்தது. கணவர் காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தார். மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் உலை கொதித்தது, பாயில் பிள்ளை தூங்கினான். வலையைத் தேய்க்க வாளியோடு குழாயடிக்குப் போனேன்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே ‘டக்’ என்று இரும்புச் சத்தம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பிள்ளை எழுந்துவிட்டான். அவனுக்கு அந்தத் தாழ்ப்பாள்தான் விளையாட்டு. துருப்பிடித்து இருந்தவரை அவன் இழுத்தாலும் அசையாது. இப்போது இறக்கிவிட்டான். தூக்கத் தெரியாது, ஒன்றரை வயசு.

ஓடிப்போய்த் தள்ளினேன். தேக்கு அசைந்து கொடுக்குமா? ஜன்னலில் முகத்தை வைத்தேன். உலைமூடி தடதடவென்று ஆட, அதைப் பார்த்துச் சிரித்தபடி அவன் அடுப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தான். கஞ்சி பொங்கி வழிந்து தீ புஸ்ஸென்று எழுந்தது.

என் வலையை நானே பிய்த்தேன். ஆணி உள்ளங்கையைக் கிழித்தது அப்போது தெரியவில்லை. ஜன்னல் கம்பிக்குள் கையிலிருந்த சோப்பு பிரஷ்ஷை விட்டு நுரையை உதறினேன். “கண்ணா, இங்க பாரு, நுரை, நுரை.” கத்தினால் பயந்து எந்தப் பக்கம் ஓடுவானோ என்று கொஞ்சுகிற குரலிலேயே கூப்பிட்டேன். நின்றான். அடுப்பைப் பார்த்தான், நுரையைப் பார்த்தான். மாதாவே, என் பக்கம் திருப்பு என்று வேண்டினேன். வந்தான். எட்டிய கையைப் பிடித்து, இன்னொரு கையால் சட்டையையும் பற்றிக்கொண்டேன்.

அதற்குள் வீட்டுக்கார அம்மா வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அடுப்பையும் சாத்திய கதவையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பாவி, கதவை உடைக்கச் சொல்வேனோ என்று போகிறாள் என்று மனசுக்குள் திட்டினேன். கணவரைக் கூப்பிட எஸ்டேட் வாசலுக்குத் தெருவைக் கடக்கவேண்டும். ஆசாரி வீடு எங்கோ இருந்தது. கையை விட்டால் பிள்ளை போய்விடுவான். அவனோ முறுக்கிக்கொண்டு அலறினான்.

திரும்பி வந்தவர் தோளில் ஈரச் சாக்கு, கையில் கடப்பாரை.

“நீ புள்ளய வுடாதே. இந்தாண்ட திரும்பாதே.”

திரும்பாமல் இருக்க முடியவில்லை. காலையில் எண்ணெய் தொட்டுத் தேய்த்த அதே பலகையில் கடப்பாரையைப் பாய்ச்சினார். நிலையில் மஞ்சள் ஈரம் இன்னும் காயவில்லை. இரண்டாவது குத்தில் பலகை பிளந்தது. நெம்பினார். அடிப்பலகை பெயர்ந்ததும் குப்புறப் படுத்து, உள்ளே கைவிட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினார். கதவைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்பிடம் போய்த் திரியை இறக்கிவிட்டு, ஈரச் சாக்கைப் போட்டார். பிறகுதான் பிள்ளையைத் தூக்கினார். தாங்கமுடியாமல் நான் ஜன்னலடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பிளந்த இடத்தில் ஒரு பேக்கிங் பெட்டிப் பலகையை வைத்து அடித்தார்கள். தேக்குக்கு நடுவில் அது வெளுப்பாக, அசிங்கமாகத் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வாளியோடு வந்தார். அந்தப் பலகையையும் அதே பக்குவத்தோடு துடைத்து எண்ணெய் தொட்டார்.

“அம்மா, உங்க கதவு...” என்று ஆரம்பித்தேன்.

“கதவுக்கு இன்னா இப்போ? தொறக்குது, சாத்துது.” நிலைக்கு மஞ்சள் பூசிவிட்டு ஜன்னல் பக்கம் வந்தார். வலை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் ஆணி அடிக்க எனக்குக் கூச்சமாக இருந்ததால் அப்படியே விட்டிருந்தேன்.

“இத்த ஏன் இன்னும் அடிக்காம கீறே? மறுபடியும் காய்ச்சல் வரட்டும்னா?”

சுத்தியலை எடுத்து வந்தேன். வலையின் மறுமுனையை அவரே இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் ஆணியை வைத்ததும் என் கையை நகர்த்தினார்.

“புச்சா ஓட்ட போடாதே. பழைய ஓட்டையிலயே அடி.”