ஆறடி என்று நான் சொன்ன ஆள்

காய்ச்சலில்தான் ஆரம்பித்தது. திராட்சைத் தோட்டத்தில் மழையில் நனைந்து வந்தவர், கஞ்சி போதும் என்று படுத்துவிட்டார். இரண்டொரு நாளில் என் பெயரைச் சொல்லி முடிக்கவே என் கணவருக்கு மூச்சு போதவில்லை. கம்பத்திலிருந்து தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நிமோனியா (நுரையீரலில் கிருமி தொற்றி நீர் கோத்துக்கொள்வது) என்றார்கள்.

அன்றே வென்டிலேட்டர் (நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தும் கருவி) வைத்தார்கள். வாயில் குழாய், மருந்துத் தூக்கம். வாய் ஓயாத மனிதர் அவர். கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது சும்மா கிடந்தார், எனக்குத் தாங்கவில்லை.

கருவியை முடுக்கும் அவசரத்தில் டாக்டரம்மா அவர் உயரத்தைக் கேட்டார்.

"ஆறடி இருப்பாக. எங்க திராட்சைப் பந்தல் ஆறடிக் கல்லுக்கால். அதுக்குள்ள குனிஞ்சுதான் போவாக" என்றேன்.

நான் குள்ளம். எனக்கு எல்லாருமே நெட்டைதான். ஆனாலும் பந்தல் கணக்கு தப்பாது என்று நம்பினேன்.

அவசரம் தணிந்ததும் டாக்டரம்மா நாடாவோடு வந்தார். என் கணவரின் இடது கையை அவர் நெஞ்சின் மேல் மடக்கிவைத்து, முழங்கை நுனியிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"ஐந்தடி ஐந்தங்குலம்தாம்மா வருது. ஆறடி ஆளுக்கான காத்தைத் தள்ளிக்கிட்டிருக்கோம். இவர் நுரையீரல் தாங்காது" என்று உடனே கருவியில் அளவைக் குறைத்தார்.

எழுந்து நிற்க முடியாதவரை இப்படித்தான் அளப்பார்களாம். முன்கை எலும்புக்கும் உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். நுரையீரல் உயரத்தை ஒட்டித்தான் வளரும், தொப்பை போட்டால் பெரிதாகாது. உங்கள் வீட்டு ஆளுக்கு இந்த நிலை வந்தால் உயரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். தெரியாது என்று சொல்லுங்கள், அளந்துகொள்வார்கள்.

குழாயை எடுத்த பிறகு, கம்மிய குரலில் பேச ஆரம்பித்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"தலை இடிக்கும்னா குனிஞ்சேன்? கொத்துல ஒரசுனா பழத்து மேல இருக்க வெள்ளை மாவு போயிரும்டி. பெறகு எவன் வாங்குவான்?" என்றார். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. பழத்துக்குக் குனிந்த மனிதரை நெட்டை என்று நினைத்து இத்தனை வருடம் பெருமைப்பட்டிருக்கிறேன். போகட்டும், எனக்கு அந்தப் பெருமையில் ஒன்றும் குறையவில்லை.

அந்த ஆஸ்பத்திரி வார்டில் பகலும் இரவும் ஒரே வெளிச்சம். எத்தனை நாள் இருந்தோம் என்று பில்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு காலையில் நர்சும் நானும் அவரைக் கட்டிலிலிருந்து இறக்கி நிறுத்தினோம். தொடைகள் நடுங்கின. என் தோள்களைப் பிடித்துக்கொண்டு, குனியாமல், நிமிர்ந்து நின்றார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அப்படி எதிரெதிரே நின்றதாக எனக்கு ஞாபகமே இல்லை. அவர் விட்ட மூச்சு என் நெற்றியில் வந்து பட்டது.