சன்னல் பக்கம் விழுந்த நிழல்

அன்று நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. பெய்ஜிங் அரண்மனை ஓவியச் சாலையில், பத்தாம் மாதம் பன்னிரண்டாம் நாள், என் கண்ணெதிரே நடந்ததை வரிசை மாறாமல் எழுதுகிறேன்.

சியூ ராணியின் படம். முகம் வரைந்தவர் இத்தாலிப் பாதிரியார் ஜெர்வாசியோ சாமி. உடை என் பொறுப்பு. அங்கே அதுதான் முறை. வசந்தத்தில் ராணி எங்கள் முன் வந்து உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கம் சன்னல். சாமியின் ஊரில் மூக்குக்கு நிழல் போட்டால்தான் முகமாம். எங்கள் சக்கரவர்த்திக்கோ முகத்தில் நிழல் என்றால் அழுக்கு. சாமி முனகிக்கொண்டே நிழலில்லாமல் முடித்தார். ராணி வடக்கே வேட்டை மாளிகைக்குப் போய்விட்டார். நான் உடையை முடித்து, மறுநாள் காலை படத்தை ஒப்படைக்க வேண்டும்.

அன்று பிற்பகல் மூன்றரை மணி. கடிகாரம் ஒருமுறை அடித்தது. படத்தில் ராணியின் வலக்கன்னத்தில் மெல்லிய கருப்பு...

அந்தப்புர அதிகாரி காவ் எட்டிப் பார்த்தார்.

“என்னய்யா ஷென், ராணியம்மா அடுப்பு ஊதுனாங்களா? மூஞ்சியெல்லாம் கரி!”

“இப்பச் சரி பண்ணிடுறேன் ஐயா.”

“காலையிலயும் இருந்துச்சுன்னா சாமிய ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வெளிநாட்டுக்காரரு. ஒனக்குத்தான் நாப்பது பிரம்படி.”

சாமியை இழுத்து வந்தேன்.

“நான் நிழலே போடலையே, ஷென்!”

வெள்ளை பூசினார். நான்கு மணிக்கு முகம் சுத்தம்.

நான்கு பத்துக்கு மறுபடியும்...

சாமி உற்றுப் பார்த்தார். “சன்னல் பக்கமே நிழல் விழுது. அப்போ வெளிச்சம் எதிர்ப்பக்கமிருந்துல்ல வருது?”

எதிர்ப்பக்கம் வெறும் சுவர்.

நிழல் அசைந்தது. சுடர் ஆடினால் அசையுமே, அப்படி.

சுர்ர்ர்... திரி பொரியும் சத்தம்.

ஓவியச் சாலையில் விளக்கே ஏற்றவில்லை.

சாமி தன் இடது கையைச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே நீட்டினார். சுண்டுவிரல் பாதி இல்லாத கை.

ராணியின் முகம் முழுதும் இருண்டது.

“ஐயோ... சுடுது!”

கையை இழுத்தார்.

நிழல் இல்லை.

காலையில் படம் போனது. அடி விழவில்லை. தப்பித்தேன் என்றுதான் இருந்தேன்.

அதற்கு ஏழாம் நாள் வடக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பன்னிரண்டாம் நாள் மதியமே ராணி இறந்துவிட்டாராம். மூன்றரை மணிக்குத் தலைமாட்டில், இடப்பக்கம், விளக்கேற்றி வைத்தார்களாம். காவலிருந்த பணிப்பெண்ணும் வந்திருந்தாள்.

“கொஞ்ச நேரத்துல அம்மா முகத்து மேல ஒரு கை நிழல் விழுந்துச்சுண்ணே. திரும்பிப் பார்த்தா யாருமில்ல. விளக்கு தானா அணைஞ்சுடுச்சு.”

“எப்படிப்பட்ட கை?”

“இடது கை... சுண்டுவிரல் பாதிதான் இருந்துச்சு.”