பியூன் மாமாவும் கழுத்துப் பலகையும்

பள்ளியின் பொன்விழா மலருக்குப் பழைய பியூனைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். நல்லதாக நாலு வரி போதும் என்றார் தலைமையாசிரியர். நான் இப்போது அதே பள்ளியில் மலைமொழி சொல்லித்தருகிறேன். அந்தப் பியூன் என் தாய்மாமா. நல்லதாக நாலு வரி எனக்கு வராது. வருவதை எழுதுகிறேன், பிடிக்காவிட்டால் கிழித்துப் போடட்டும்.

என் காலத்தில் பள்ளிக்கூடத்தில் அரசாங்க மொழிதான் பேச வேண்டும்; மலைமொழி பேசினால் அடி. பேசியவர் கழுத்தில் கயிறு கட்டிய மரப்பலகை தொங்கும். வேறு யாராவது பேசி மாட்டினால் பலகையைக் கழற்றி அவர்கள் கழுத்தில் போட்டுவிடலாம். கடைசி மணி அடிக்கும்போது பலகை யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குப் பிரம்படி. அதனால் நாள் முழுக்க ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். சிநேகிதி என்று ஒருத்தியும் மிஞ்சவில்லை.

அப்போதிருந்த பெரிய வாத்தியார் சமவெளிக்காரர். எங்கள் பேச்சு அவருக்குத் துளியும் புரியாது. ஒட்டுக்கேட்டுச் சொன்னது மாமா, அடித்ததும் அவர்தான். மலையிலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள். சொந்தக்காரப் பிள்ளை என்று இளகினால் வேலை போய்விடும் என்று பயந்து எங்களுக்குக் கூடுதலாகவே போடுவார். ஒருநாள் என் அண்ணனைக் காதோடு சேர்த்து அறைந்ததில் ரத்தம் கொட்டி, அந்தக் காது இன்றுவரை செவிடு. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, படித்தால் நன்றாயிருப்பார்கள் என்று மலைமொழியிலேயே சொல்லிவிட்டுப் போனார். தட்டை அவர் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும்போல இருந்தது எனக்கு.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள் பலகை என் கழுத்தில் இருந்தது. புது வகுப்பறைக் கூரைக்காக வெட்டிய மரங்களை முற்றத்துக்கு மேலே சரிவில் அடுக்கி ஆப்பு வைத்திருந்தார்கள். கீழே மாமா குனிந்து பெஞ்சுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஆப்பு நழுவுவதை நான் பார்த்துவிட்டேன்.

மரம் வெட்டுகிற எங்கள் ஆட்களுக்கு ஒரு கூவல் உண்டு. அதைக் கேட்டால் தவழுகிற பிள்ளைகூட ஒதுங்கிவிடும். அது என் தொண்டைவரை வந்தது. கத்தினால் தோலை உரித்துவிடுவாரே என்று விழுங்கிக்கொண்டு, அரசாங்க மொழியில் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். பாடப் புத்தகத்து 'பசு பால் தரும்' என்பதுதான் கிடைத்தது.

முதல் மரம் மாமாவைக் கவிழ்த்தது. இரண்டாவது அவர் காலின்மேல் ஏறி நின்றது. எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. முழங்காலுக்குக் கீழே சதை எது, துணி எது என்று தெரியவில்லை. மாமா மலைமொழியில் அலறினார். தண்ணீர், தண்ணீர் என்று கெஞ்சினார். பெரிய வாத்தியார் பேயறைந்த மாதிரி நின்று, என்ன கேட்கிறான் என்று எங்களைக் கேட்டார். எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நான் கிட்டே போய்ப் பலகையைக் கழற்றி மாமாவின் கழுத்தில் மாட்டினேன். பேசியவருக்குத்தானே பலகை? கடைசி மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தப்பித்தோம் என்று சந்தோஷமாக இருந்தது; அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றதை மற்ற பிள்ளைகள் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாமாவின் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தி, ஏன்டி கூவவில்லை என்று முதுகில் அறைந்தாள். மாமா எட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவள அடிக்காத அக்கா. அவ கூவினா. எனக்குத்தான் கேக்கல."

அதற்குப் பிறகு பதினாறு வருஷம் உயிரோடு இருந்தார். நான் கூவவில்லை மாமா என்று சொல்ல, எனக்கு எந்த மொழியிலும் வாய் வரவில்லை.