பிரேக் மாஸ்டரின் வேகம்

கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்குகிறார் கீழ்வீட்டு மாஸ்டர். உள்ளே விசிறிகள் சுற்றுகின்றன. திரையில் கம்பெனி முத்திரை ஒரு கணம் எட்டிப் பார்க்கிறது. அப்புறம் கும்மிருட்டு. "இன்ஜின் நல்லாத்தான் ஓடுது. கியர்தான் விழமாட்டேங்குது" என்று நோயைக் கண்டுபிடித்துவிட்டு, மறுபடியும் அமுக்குகிறார். காலையிலிருந்து இதே வைத்தியம்தான்.

திருப்புளி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. திருப்புளியோடு நானும் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டேன்.

இவருக்கு வேலை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. தெருவில் எல்லாருக்கும் பிரேக் மாஸ்டர். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். வேகம் கூட்டுகிற மிதி மட்டும் இருக்காது. மாஸ்டரின் குணமும் அந்தக் காரின் அமைப்பும் ஒன்றுதான். பேருந்தில் பயணியாகப் போனாலும் வளைவு வந்தால் அவருடைய வலக்கால் தரையை அழுத்தும். மனைவி வெங்காயத்தைச் சற்று வேகமாக நறுக்கினாலும் அழுத்தும். "மெதுவா, மெதுவா. ரோடு எங்கயும் ஓடிப்போயிடாது." அவரிடம் கற்றவர்களைச் சாலையில் சுலபமாக அடையாளம் காணலாம், பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான், கணினியில் படம் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டை அதைச் செய்தவன் விதித்த வேகத்துக்கு மேல் விரட்டி, கணினியை மூர்ச்சை போட வைத்திருக்கிறார்.

காரணம் மகள். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரால் அவளுக்கு மட்டும் கற்றுக்கொடுக்க முடியவில்லை. அவள் கால் ஆக்ஸிலரேட்டரை நோக்கி நகர்வதற்கு முன்பே இவர் கால் பிரேக்கில் இருந்தது. ஒருநாள் நட்டநடு ரோட்டில் கதவைத் திறந்து இறங்கி, "நீங்களே ஓட்டிக்கோங்க" என்று நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். பிறகு படித்தாள், வெளிநாட்டில் வேலைக்குப் போனாள். அங்கே ரயிலில் போய் வருகிறாள். போனில் பேசினால் அப்பாவும் பெண்ணும் சாப்பாட்டையும் மழையையும் விசாரித்துக்கொள்வார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் இருமல்.

போன வருஷம் அவள்தான் இந்தக் கார் விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தாள். கணினியில் ஒரு மலைப்பாதை. இருவரும் ஆளுக்கொரு காரில், காதில் ஹெட்போனோடு, ஞாயிறு மாலைகளில் மேலிருந்து கடற்கரைவரை இறங்குவார்கள். மாஸ்டரின் பிரேக் எட்டாத தூரத்தில் அவள் பறப்பாள். இவருடைய பழைய கணினியில் படம் விட்டு விட்டு வரும். வளைவு கண்ணில் படுவதற்குள் வளைவு முடிந்திருக்கும். ஊர்ந்துதான் இறங்க முடியும். அவள் ஒவ்வொரு வளைவிலும் ஓரங்கட்டி, விளக்கை மினுக்கிக்கொண்டு காத்திருப்பாள்.

"எம்பொண்ணு எனக்காக ரோட்டோரம் நிக்கிறா சார். எனக்கு எப்படி இருக்கும்?"

அந்த மனக்குறையில்தான் ஏதேதோ வீடியோக்களைப் பார்த்து, வேகம் கூட்டும் செயலி ஒன்றை இறக்கி, அதிலிருந்த முள்ளை வலப்பக்கம் இழுத்தார். போன ஞாயிறு அவள் பக்கத்திலேயே பறந்தார். "அப்பா! என்னப்பா ஆச்சு உங்களுக்கு?" என்று அவள் கூவியதை அவர் வாரம் முழுக்கத் தெருவில் எல்லாரிடமும் சொல்லிக் காட்டினார். பெருமை தலைக்கேறி முள்ளை இன்னும் தள்ளினார். கணினி திறக்கும்போதே அந்த வேகம் வந்துவிட வேண்டும் என்று செயலியிலிருந்த ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் அடித்தார். அன்றோடு கணினி படுத்துவிட்டது. இன்று ஞாயிறு. சாயங்காலம் அவள் மலை உச்சியில் வந்து நிற்பாள்.

"மெதுவா மெதுவான்னு என் பிராணனை வாங்கினீங்களே, இதுகிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாது?" என்றார் மனைவி, டார்ச்சைப் பிடித்தபடி.

"லைட்டை நேராப் புடி."

கணினிக் கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டார். அவரும் மாஸ்டரிடம் ஓட்டக் கற்றவர். ஞாயிறன்று கடை திறப்பதில்லை. போனை மேசையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி விட்டோம்.

"மாஸ்டர், திறக்கும்போதே அது வேகத்தைப் புடிச்சுக்குது, தாங்காம விழுது. கார்டைக் கழட்டிட்டுத் திறந்தா, அந்த டிக்கை எடுத்துடலாம். முதல்ல கரன்ட் வயரை உருவுங்க."

"உருவியாச்சும்மா."

"பெட்டியோட இரும்பை ஒரு தடவை தொட்டுக்கோங்க. கார்டு நுனியில ஒரு சின்ன கிளிப் இருக்கும், அதை அமுக்கிட்டு... மெதுவா மாஸ்டர், மெதுவா. கார்டு எங்கயும் ஓடிப்போயிடாது."

மனைவியின் சிரிப்பில் டார்ச் குலுங்கியது. மாஸ்டர் கிளிப்பை அமுக்கினார்.

கார்டு வெளியே வந்தது. அதைச் செய்தித்தாள் விரித்துப் படுக்க வைத்தார். திரையின் வயரை, கணினியின் சொந்தத் துளையில் செருகினார். பொத்தான். விசிறி. முத்திரை. அப்புறம், திரை வெளுத்தது. டிக் இருந்த கட்டம் காலியானது. கணினியை அணைத்து, கார்டைத் திரும்பப் பொருத்தி, திரையின் வயரை அதற்கே மாற்றி, மறுபடி பொத்தானை அமுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

முத்திரை வந்தது. நாங்கள் மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த மாதிரி நேரத்தில் சும்மா இருக்க முடியாதவர் அவர் மனைவி.

"அன்னிக்கு அவ, கூட வேலை செய்யற யாரோ பையனைப் பத்திச் சொன்னாளே, அப்புறம் என்னவாம்?"

"அது அதுக்கு முந்தின வாரம். மூணாவது வளைவுல நின்னப்ப சொன்னா."

"அவ வீட்டு ஓனர் குழாயைச் சரி பண்ணிக் குடுத்தானாமா?"

"அதும் முந்தின வாரம்தான். பாலத்துகிட்ட நின்னப்ப."

"அப்ப போன வாரம் என்னதான் பேசினா?"

மாஸ்டர் யோசித்தார். "பேசலையே. ஓட்டினோம்."

"சீக்கிரம் எந்திரிச்சு வந்துட்டீங்களே."

"கடல் வந்துடுச்சு. வெச்சிடட்டுமாப்பான்னு கேட்டா. சரின்னேன்."

திரை விடிந்தது. பிழைத்துவிட்டது. மனைவி கைதட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். மாஸ்டர் மட்டும் சந்தோஷப்பட வேண்டிய இடத்தில், பரீட்சையில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"திறந்துடுச்சா மாஸ்டர்?" என்றது போன். "அந்தச் செயலியைத் திறந்து ரீசெட் கொடுங்க. முள்ளு நடுவுல வந்து நிக்குதா?"

"நிக்குதும்மா."

"அதுதான் அதோட சொந்த வேகம். கொஞ்சமே கொஞ்சம் கூட்டணும்னா கடைக்கு எடுத்துட்டு வாங்க, தாங்கற அளவு பார்த்து நானே வெச்சுத் தர்றேன். அதுவரைக்கும் கை வைக்காதீங்க."

"வைக்கலைம்மா." போனை வைத்தார்.

ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. ஹெட்போனின் வயரைச் சிக்கெடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பிறகு சுட்டியைப் பிடித்து, நடுவில் நின்ற முள்ளை இடப்பக்கமாக இழுத்தார். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். மேசைக்கடியில் அவருடைய வலக்கால் தரையை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது.